ஐவி பேசும் ஊர்

பிப்ரவரி 11, ஞாயிறு

காற்று இன்றும் நிற்கவில்லை. வேலியில் இரண்டு பலகை பிய்ந்து பக்கத்து வீட்டு முற்றத்தில் கிடந்தது. ராய்ஸ் போய் எடுத்து வந்தான், ஆனால் ஆணி அடிக்கவில்லை. "அடிச்சா மட்டும் நிக்கவா போகுது," என்றான்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கான்னி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை இன்றுதான் அவனிடம் சொன்னேன். கோடை விடுமுறையோடு அவள் போகிறாள். கணவனுக்கு நெப்ராஸ்காவில் வேலை. பாலர் வகுப்பிலிருந்து காது கேட்காத எங்கள் ஐவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் வாயால் சொல்வதையெல்லாம் அவளுக்குக் கையால் சொல்லி வந்தவள் கான்னி ஒருத்திதான். வேறு ஆள் கிடைக்குமா என்று பள்ளி முதல்வரிடம் கேட்டேன். விளம்பரம் கொடுப்போம் என்றார். இந்தக் கேஸ்பர் ஊருக்கு யார் வரப்போகிறார்கள்? கிடைக்காவிட்டால் மேஜைமேல் ஒரு திரை வைப்பார்களாம், எங்கோ இருக்கும் ஒருவர் அதில் சைகை காட்டுவாராம். எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ராய்ஸ் காபியை ஆறவிட்டுக் குடித்தான். பிறகு அவன்தான் சொன்னான். நான் இல்லை, அவன்தான் முதலில் சொன்னான். அதை இங்கே எழுதி வைக்கிறேன். "அப்ப நாம போயிடலாம், மார்லா. காது கேக்காதவங்க நிறைய இருக்கிற ஊருக்கு."

பிப்ரவரி 24, சனி

ஃப்ரீமாண்ட். கலிஃபோர்னியா. காது கேளாத பிள்ளைகளுக்கு அங்கே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. அதைச் சுற்றியே அவர்கள் குடியிருக்கிறார்களாம். கடைக்காரர்களுக்குக்கூட நாலு சைகை தெரியுமாம். பக்கத்து ஊர் பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக் வேண்டும் என்று ராய்ஸ் கண்டுபிடித்து விண்ணப்பமும் போட்டுவிட்டான். இருபது வருடமாக ஒரே பட்டறையில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். அவனை இவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்து நாளாயிற்று.

சாப்பாட்டு மேஜையில் எல்லாம் பேசினோம். நாங்கள் பேசுவதை வழக்கம்போல ஷெல்பிதான் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராய்ஸும் நானும் ஒரே நேரத்தில் பேசினாலும் அவள் கை திணறுவதில்லை. கடைசியில் ஐவி கேட்டாள், அங்கேயும் நீயும் நானும் ஒரே அறைதானா என்று. ஷெல்பி, அம்மாவைக் கேள் என்றாள்.

ஷெல்பியின் தட்டில் மான்கறி அப்படியே ஆறிப்போயிருந்தது. இப்போது எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். எல்லா நாளும் அப்படித்தான் ஆறுகிறதோ?

மார்ச் 7, புதன்

ஃப்ரீமாண்டில் வாடகை பார்த்தேன். இந்த வீட்டுத் தவணையைப்போல மூன்று பங்கு கொடுத்தாலும் அங்கே இரண்டு அறை கிடைக்காது. லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். வீட்டை விற்கத்தான் வேண்டும். படகையும்.

மார்ச் 18, ஞாயிறு

ஷெல்பி வரமாட்டேன் என்கிறாள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்து தானும் மடிக்க ஆரம்பித்தாள். பள்ளி முடிய இன்னும் இரண்டு வருடம், தோழி டானி வீட்டில் தங்கிக்கொள்வாளாம், டானியின் அம்மாவிடம் கேட்டும் வைத்துவிட்டாளாம். எனக்குக் கோபம் வந்தது. ஒரு குடும்பம் என்றால் நாலு பேரும்தான், நீ மட்டும் என்ன என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"பத்து வயசுலேருந்து அவளுக்கு நான்தான் காது, அம்மா. பர்த்டே பார்ட்டில, டாக்டர்கிட்ட, சர்ச்ல, எல்லா இடத்திலயும். யாராவது என்கிட்ட பேசினா பாதி அவளுக்காகத்தான் இருக்கும். அவளைப் பிடிக்காம இல்ல. எனக்கு அவ உசிரு. ஆனா ஒரு ரெண்டு வருஷம் நான் நானா மட்டும் இருந்து பாக்கணும்."

நான் என்ன சொல்ல? பதினாறு வயதுப் பெண் அப்படிக் கேட்பது அதிகமா? அவளிடம் நாங்கள் என்றாவது கேட்டோமா? அவள் பாட்டுக்குச் செய்தாள், நாங்கள் பாட்டுக்கு விட்டுவிட்டோம்.

மீதித் துணியை இருவருமாக மடித்து முடித்தோம்.

ஏப்ரல் 5, வியாழன். ஃப்ரீமாண்ட், விடுதி அறை

மூன்று பேர்தான் வந்தோம். ஷெல்பி டானி வீட்டில். நெவாடாவைக் கடக்கவே ஒரு நாள் போயிற்று.

பள்ளியைச் சுற்றிக் காட்டியவர் ஓர்ட்டேகா என்ற ஆசிரியர். உயரமான, கனிவான மனிதர், அவருக்கும் காது கேட்காது. மைதானத்தில் இடைவேளை நேரம். நூறு பிள்ளைகள், நூறு ஜோடிக் கைகள். ஐவி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிடியை விட்டாள். திரும்பிப் பார்த்தால் அவளைச் சுற்றி நாலைந்து சிறுமிகள், நடுவில் இவள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், நிறுத்தாமல். என் பிள்ளை இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ராய்ஸின் முகமும் மலர்ந்திருந்தது. ஓர்ட்டேகாவிடம் சைகையில் சொன்னான், இவள் பிடிவாதக்காரி, என்னை மாதிரி என்று. அவனுக்கு வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே எண்ணெய்க் கிணற்று வேலையில் சங்கிலியில் சிக்கிப் போனவை. இருக்கிற விரல்களை வைத்து அவனாகவே ஒரு மாதிரி பேசுவான். ஐவிக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம், ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. ஓர்ட்டேகாவுக்குப் புரியவில்லை. தலையை முன்னால் நீட்டி, இன்னொரு முறை என்றார். ராய்ஸ் சொன்னான். இன்னொரு முறை. மூன்றாவது முறையும் புரியாமல், மரியாதையாகப் புன்னகைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். சிரித்தார்.

ராய்ஸ் வலது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான். குளிர்கூட இல்லை. மதியச் சாப்பாட்டையும் இடது கையால் சாப்பிட்டான்.

ஐவி தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் விரல்கள் அசைகின்றன.

ஏப்ரல் 23, திங்கள்

ராய்ஸுக்கு டிப்போ வேலை கிடைத்துவிட்டது. நாளைக்கு மழை என்பதுபோலச் சொன்னான். கறியும் பீன்ஸும் போட்ட சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும் செய்தேன். ஐவி மூன்று ரோல் தின்றாள். அவன் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

மே 13, ஞாயிறு. அன்னையர் தினம்

பெண்கள் இருவரும் பான்கேக் சுட்டார்கள். சமையலறை முழுக்க மாவு. அதற்கப்புறம் ராய்ஸ் என்னை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனான்.

ஷெல்பியை டானி வீட்டில் விட அவனுக்கு மனமில்லையாம். இன்னொருவர் வீட்டில் எத்தனை நாள் விருந்தாளியாக இருப்பாள் என்றான். நீயும் ஐவியும் முன்னால் போங்கள், நான் இவள் பள்ளி முடியும்வரை இங்கே இருக்கிறேன், வீட்டையும் விற்க வேண்டாம், இரண்டு வருடம்தான் என்றான். டிப்போ? அங்கே பேசிக்கொள்கிறேன், வேலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றான்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். அங்கே பெரிய வீடு தேட வேண்டாம். இரண்டு பேருக்கு ஓர் அறை போதும். ஷெல்பிக்கு அப்பா இருப்பார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் இறங்கி வந்ததிலிருந்து துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைக்கிறேன்?

மே 16

தட்டுகளைப் பிரித்தேன். இரண்டு இரண்டாக.

மே 24, வியாழன்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ராய்ஸின் போன் அடுப்படியில் கிடந்தது, அடித்தது, எடுத்தேன். டிப்போவிலிருந்து ஒரு பெண். இன்னொரு இடம் காலியாகி இருக்கிறதாம், போன மாதம் அவர் வேண்டாமென்று எழுதிவிட்டார், இப்போதாவது மனது மாறியிருக்குமா என்று கேட்டாள். போன மாதமா? ஆமாம் அம்மா, நாங்கள் வேலைக் கடிதம் அனுப்பிய அதே வாரம்.

அதே வாரம். ஷெல்பிக்காக என்று மலையில் வைத்து அவ்வளவு நிதானமாகச் சொன்னானே. அதற்கு முன்பே வேண்டாமென்று எழுதிவிட்டிருக்கிறான்.

கராஜில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். என் பெட்டிகள். கேட்டேன்.

"ஷெல்பிக்காகன்னு சொன்னே."

"ஷெல்பிக்காகவும்தான்."

"ராய்ஸ்."

டேப்பைக் கீழே வைத்தான். "அந்த ஓர்ட்டேகா திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல, மார்லா. அவ்வளவு மரியாதையா உன் பக்கம் திரும்பினான். நான் இத்தனை வருஷமா பேசினது எதுவும் பேச்சே இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

"கத்துக்கலாம். நானும் தப்புத்தப்பாத்தான் பேசறேன்."

"எதை வச்சுக் கத்துக்கறது?" கையை நீட்டினான்.

"ஐவிக்கு உன் கை புரியுதே."

"இங்க அவளுக்கு வேற யாரு இருக்கா? அதனால புரியுது. அங்க ஊர் பூரா பேச ஆளு. கொஞ்ச நாள்ல அவளும் திருப்பித் திருப்பிக் கேப்பா. அப்புறம் உன் பக்கம் திரும்புவா. அதைப் பாத்துட்டு என்னால நிக்க முடியாது."

"அவ உன்னை விட்டுட்டுப் போறதைப் பாக்க மட்டும் முடியுமா?"

டேப்பை எடுத்து அடுத்த பெட்டியை ஒட்டினான். நேராக, சுருக்கமில்லாமல்.

என்ன மனுஷன் இவன். போகலாம்னு சொன்னவனே இவன்தானே. ஊரைக் கண்டுபிடிச்சது இவன். இப்ப நான் மட்டும் போகணுமாம். போகாம இருக்கலாமா? இருந்தா அந்தத் திரைக்கு முன்னாடி உக்காரப்போறது என் பிள்ளை. மைதானத்தில அவ முகத்தை நான் பாத்துட்டேன். பாக்காமலே இருந்திருக்கலாம்.

மே 27

அவனைப் பார்த்தாலே எரிகிறது. ஆனால் அவன் கையைப் பார்த்தால் அழுகை வருகிறது. இரண்டும் ஒரே நாளில்.

ஜூன் 9, சனி

கால்நடை மருத்துவமனையில் எனக்குக் கடைசி நாள். நாய் பூனைகளுக்கு ஊசி போட வருபவர்களிடம் பெயர் எழுதி வாங்கிக்கொண்டிருந்த அந்த மேஜைக்கு வேறு பெண் வந்துவிட்டாள். டாக்டர் ஒரு செடி கொடுத்தார். கலிஃபோர்னியா எல்லையில் செடியை விடமாட்டார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஐவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அப்பா வரப்போவதே இல்லை, அக்காவும் வரமாட்டாள் என்று. இரண்டு வருடம் கழித்து வருவார்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். படுக்கப் போகும்போது கேட்டாள். கையைச் சின்னதாக, மார்புக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்டாள். ரகசியம் பேசும்போது அப்படித்தான் செய்வாள்.

என் காதாலதானே?

இல்லை என்றேன். வேகமாக, திரும்பத் திரும்ப இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பேசாதே என்பதற்கு அவள் அப்படித்தான் செய்வாள்.

ஜூன் 30, சனி

ஷெல்பி ஒரு மணி நேரமாகத் தங்கையின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னி. ஐவி கண்ணாடியில் பார்த்து, நீ வந்தால் தினமும் இப்படிப் பின்னலாம் என்றாள். ஷெல்பியின் இரண்டு கையும் முடியில் இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. முடியை விடவும் இல்லை.

அப்புறம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தங்கைக்குக் கேட்காது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டாளா, இல்லை எனக்காகத்தான் திறந்தாளா?

கதவைத் தட்டி, நீ மனதை மாற்றிக்கொள்ள வேண்டாம், நீ செய்தது தப்பில்லை என்றேன். உள்ளேயிருந்து, "தெரியும்மா. தெரிஞ்சும் வலிக்குது," என்றாள்.

ஜூலை 14, சனி

கிளம்பினோம். ராய்ஸ் டயர்களைத் தட்டிப் பார்த்தான், எண்ணெய் பார்த்தான், மறுபடி டயர்களைத் தட்டிப் பார்த்தான். ஐவியைத் தூக்கினான். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அவள் முதுகில் ஏதோ எழுதினான். அவர்களுக்குள் என்னவோ. நான் கேட்கவில்லை.

என்னிடம், "வழியில ராவ்லின்ஸ் பக்கம் காத்து அடிக்கும், பாத்து," என்றான்.

பதினெட்டு வருடத்துக்கு அப்புறம் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு. ஃப்ரீமாண்ட்

லியோனாவின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு அடுப்பு, எலுமிச்சை மரம். லியோனா காது கேட்காத பெண்மணி, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதவைத் தட்டுவதற்குப் பதில் வெளிச் சுவிட்சால் எங்கள் அறை விளக்கை அணைத்துப் போடுகிறாள். நாங்கள் கொடுக்கும் வாடகையைச் சொன்னால் கேஸ்பரில் சிரிப்பார்கள். ஆனாலும் இந்த ஊருக்கு இது சலிசு. காலையில் கால்நடை மருத்துவமனை, மாலையில் ஒரு மருந்துக்கடை. இரண்டு வேலை பார்த்தும் மாதக் கடைசி உதைக்கிறது.

காற்றே இல்லாத ஊர். முதல் வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 30

ஐவி பள்ளியிலிருந்து வந்தால் மூச்சுவிடாமல் பேசுகிறாள். பாதிதான் எனக்குப் புரிகிறது. மீதிக்குத் தலையாட்டுகிறேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

வாராவாரம் ஞாயிறு மாலை வீடியோ அழைப்பு. இவ்வளவு நாள் ஷெல்பி பக்கத்தில் இருந்தாள். இன்று அவள் டானியோடு கால்பந்து ஆட்டத்துக்குப் போயிருந்தாள். ராய்ஸ் தனியாக உட்கார்ந்து சைகையில் பேசினான். வேலியைச் சரிசெய்துவிட்டானாம், மான் வேட்டைக்குப் போனானாம், நீளமாக, உற்சாகமாக. ஐவி பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையாட்டினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கடைசியில் கையை முத்தமிட்டு அனுப்பினாள்.

திரை அணைந்ததும் என் பக்கம் திரும்பி, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள்.

நான் சொன்னேன். எனக்குப் புரிந்த அளவு சொன்னேன். இதை ராய்ஸிடம் சொல்லமாட்டேன். எப்போதும் சொல்லமாட்டேன்.

அவள் தலையாட்டக் கற்றுக்கொண்டது என்னிடமிருந்துதானே?

டிசம்பர் 23

பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்த ராய்ஸும் ஷெல்பியும் வரவில்லை. ஷெல்பிக்கு வாங்கிய பூட்ஸைத் தபாலில் போட்டேன்.

ஜனவரி 12, சனி

ராய்ஸ் இரவு போன் செய்வது குறைந்துவிட்டது. நானும்தான். பேசினால் ஷெல்பியின் மதிப்பெண், வண்டிக் காப்பீடு, வீட்டுக் கொதிகலன். எல்லாம் முடிந்தபின் இருவரும் ஒரு நிமிடம் லைனில் இருப்போம். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் போனே செய்கிறோம் என்று முன்பு நினைத்தேன். இப்போது அந்த நிமிடம் வருவதற்குள் வைத்துவிடுகிறோம்.

மார்ச் 10, ஞாயிறு

கேட்டான். விவாகரத்து. நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலி குறையும் என்று யார் சொன்னது?

"இன்னும் ஒரு வருஷத்துல நான் அங்க வந்துடுவேன்னு நீயும் நம்பல, நானும் நம்பல," என்றான். "அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருக்கோம்? உன்னைக் கட்டி வச்ச மாதிரி இருக்கு எனக்கு."

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். நம்புகிறேன். இருந்திருந்தால் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

"என்மேல கோவமா?" என்று கேட்டான்.

"இருந்தது," என்றேன். "இப்ப நீ இங்க இல்லையேன்னு மட்டும்தான் இருக்கு."

அவன் அழுததை முதல்முறையாகக் கேட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல்முறை. நான் வைத்துவிடவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை இருந்தேன்.

ஏப்ரல் 2

காகிதங்கள் வந்தன. கையெழுத்துப் போட்டேன். லியோனா விளக்கை அணைத்துப் போட்டாள், சூப் கொண்டு வந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 1, சனி

ஏரிக்கரைப் பூங்காவில் வகுப்புப் பிள்ளைகளின் ஆண்டுக் கடைசிக் கூட்டம். பெற்றோர் பாதிப்பேர் காது கேட்காதவர்கள். அவர்கள் பேச்சில் நான் பின்தங்கிப் பின்தங்கி, கடைசியில் சாண்ட்விச்களுக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டேன்.

ராய்ஸ் போன் செய்தான். ஷெல்பி அடுத்த மாதம் இரண்டு வாரம் இங்கே வருகிறாளாம், டிக்கெட் எடுத்துவிட்டானாம். விமானம் வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். வைக்கப்போகும் நேரத்தில் புல்வெளிப் பக்கமிருந்து ஒரு பெரிய சிரிப்பு. தொண்டையிலிருந்து வெடித்து வருகிற சிரிப்பு. இப்படிச் சிரித்தால் கேஸ்பரில் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஷெல்பி அவள் தோளைத் தொடுவாள், சத்தம் நின்றுவிடும். இங்கே யாரும் திரும்பவில்லை.

"அது ஐவியா?" என்றான்.

"ஆமா."

"எதுக்குச் சிரிக்கிறா?"

பார்த்தேன். பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் அவள் எதையோ நடித்துக் காட்டிக்கொண்டே பேசுகிறாள். மீன் என்பது பிடிபட்டது. டீச்சர் என்பதும். மற்றதெல்லாம் என் கண்ணுக்குள் நிற்காத வேகம்.

"தெரியல, ராய்ஸ். எனக்கும் புரியல."

அப்புறம், "போனை அந்தப் பக்கம் நீட்டு," என்றான்.

எழுந்து போய் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று நீட்டினேன். அவள் மறுபடியும் சிரித்தாள். இன்னொரு முறையும். கை வலித்தது, மாற்றிக்கொண்டேன். திரும்பக் காதில் வைத்தபோது அவன் மூச்சு கேட்டது. இன்னும் லைனில்தான் இருந்தான். நான் மறுபடியும் கையை நீட்டினேன்.